பழைய லாரி ஸ்டார்ட் ஆகவில்லையா? சத்தத்தைக் கேட்டு எலக்ட்ரிகல் கோளாறைப் பிடிக்கும் வழி

லைட் பளிச்சென்று எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, செல்ஃப் (இன்ஜினைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் மோட்டார்) மட்டும் எடுக்கவில்லை. அப்படியென்றால் பேட்டரி நன்றாக இருக்கிறது, போனது செல்ஃப் மோட்டார்தான் என்று முடிவுகட்டி, மோட்டாரைக் கழற்றிக் கடைக்கு அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். மோட்டார் கார்பன் (உள்ளே கரண்டைக் கொடுக்கும் பிரஷ்) மாற்றி வரும், மாட்டிப் பார்த்தால் மறுபடி அதே கதை. அப்புறம் புது பேட்டரி ரெண்டு வாங்குவார்கள், கொஞ்ச நாள் ஓடும், பிறகு பழையபடி. பாதி நேரம் கோளாறு இந்த இரண்டிலுமே இல்லை. இடையில் ஓடும் கேபிளில் இருக்கும், அல்லது சேஸில் ஒரு போல்ட்டைப் போட்டு முடுக்கிவிட்டு யாரும் திரும்பிப் பார்க்காத எர்த்தில், அதாவது கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பில், இருக்கும்.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து 24 வோல்ட்டில் சுமார் 6 ஆம்பியர் இழுக்கும். ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினைச் சுற்றும்போது செல்ஃப் மோட்டார் இழுப்பது நூற்றுக்கணக்கான ஆம்பியர், 300 என்று வைத்துக்கொள்வோம். கரண்ட் போகும் வழியில் துருப்பிடித்த ஒரு இணைப்பு, அதில் ஓமில் நூறில் ஒரு பங்குதான் தடை. 6 ஆம்பியர் போகும்போது அங்கே காணாமல் போவது 0.06 வோல்ட், லைட்டில் ஒரு வித்தியாசமும் தெரியாது. 300 ஆம்பியர் போகும்போது அதே இடத்தில் 3 வோல்ட் போய்விடும். மீட்டரை ஓமில் வைத்துக் கேபிளைச் சோதித்தாலும் இது பிடிபடாது, ஏனென்றால் உள்ளே நாலு இழை மிச்சம் இருந்தாலே கன்டினியூட்டி பீப் அடித்துவிடும். ஆகவே செல்ஃப் சுற்றிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பெரிய கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது, வோல்ட்டை அளக்க வேண்டும். கீழே சொல்வதில் பெரும்பகுதி இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

நான் சொல்வது மெக்கானிக்கல் ஃப்யூவல் பம்ப் வைத்த பழைய டாடா, லேலண்ட் மாதிரி லாரிகளுக்கு. 2017 ஏப்ரலில் பிஎஸ்4 புகை விதி நாடு முழுக்க வந்த பிறகு இறங்கிய இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) வண்டிகளில் பேட்டரி, கேபிள், மோட்டார் பற்றிய பகுதி பொருந்தும், மற்றதற்கு ஸ்கேனர் வேண்டும். எண்கள் எல்லாம் 24 வோல்ட்டுக்குச் சொல்கிறேன். பழைய லாரிகளில் 12 வோல்ட்டும் உண்டு. பெட்டியில் இரண்டு பேட்டரி இருக்கிறது என்பதற்காக 24 என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றின் பிளஸ் இன்னொன்றின் மைனஸுக்குப் போனால்தான் 24, பிளஸும் பிளஸும் மைனஸும் மைனஸும் சேர்ந்திருந்தால் அது 12. அப்படியென்றால் என் வோல்ட் எண்களைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள், தனி பேட்டரிக்குச் சொல்லும் எண்களைத் தவிர.

கையில் இருக்க வேண்டியது ஒரு சாதாரண மல்டிமீட்டர், 24 வோல்ட் பல்பில் வயர் கட்டிய டெஸ்ட் லாம்ப், பேட்டரி ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர், ஸ்பேனர், உப்புத்தாள், சாவி திருப்ப ஒரு ஆள். மீட்டரை ஆம்பியரில் வைத்து செல்ஃப் லைனில் மட்டும் தொடவே தொடாதீர்கள்.

தொடங்கும் முன்னால் கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஸ்பேனரால் செல்ஃபை ஷார்ட் செய்து ஸ்டார்ட் பண்ணும் பழக்கம் ஊர் ஊராக இருக்கிறது, கியரில் நிற்கும் வண்டி அப்படியே ஆள் மேல் ஏறிவிடும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் பீடி வேண்டாம். மோதிரம், காப்பு கழற்றி வையுங்கள். டெர்மினல் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

சோதனை முழுக்க டீசலை நிறுத்தும் ஸ்டாப் கேபிளை இழுத்து வைத்துக்கொள்ளுங்கள், இன்ஜின் பிடிக்காமல் செல்ஃப் மட்டும் சுற்றும். ஒரு தடவைக்கு 10 வினாடிக்கு மேல் சுற்றாதீர்கள், ஒரு நிமிடமாவது ஆற விடுங்கள்.

முதலில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். லைட் கொஞ்சமும் மங்கவில்லை என்றால் மோட்டாருக்குக் கரண்டே போகவில்லை. லைட் சட்டென்று அணைந்தே போய்விட்டால் பேட்டரி டெர்மினலில் அல்லது மெயின் கேபிளில் பிடிப்பு இல்லை. நன்றாக மங்கி, செல்ஃபும் திணறினால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது மோட்டாரோ இன்ஜினோ இறுகியிருக்கிறது. காசு செலவில்லாத சோதனை, ஆனால் பாதி வழியைக் காட்டிவிடும்.

சாவி போட்டால் டேஷ்போர்டிலேயே உயிர் இல்லை

பேட்டரி லைனைத் துண்டிக்கும் கட் ஆஃப் சுவிட்ச் ஆன் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள், ஆனில் இருந்தாலும் அதன் உள் காண்டாக்ட் தேய்ந்திருக்கலாம். சுவிட்சின் ரெண்டு பக்கத்திலும் டெஸ்ட் லாம்ப் வைத்தால் தெரிந்துவிடும். அடுத்து மெயின் ஃபியூஸ். அடுத்து இரண்டு பேட்டரியையும் இணைக்கும் குட்டை கேபிள். பெரிய கேபிள்களைப் பார்ப்பவர்கள் இந்தக் குட்டையை விட்டுவிடுவார்கள், அது கழன்றால் வண்டி முழுக்க இருட்டு.

டேஷ் லைட் வருகிறது, செல்ஃபில் ஒரு சத்தமும் இல்லை

செல்ஃப் மோட்டாரோடு இருக்கும் காந்த சுவிட்ச்தான் சோலினாய்டு. அதில் இரண்டு பெரிய போல்ட்டும் ஒரு சின்ன டெர்மினலும் இருக்கும். சாவியிலிருந்து வரும் வயர் அந்தச் சின்னதில்தான் முடிகிறது. டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை இன்ஜின் பிளாக்கில் கவ்விவிட்டு இன்னொரு முனையைச் சின்ன டெர்மினலில் வைத்து, ஆளை சாவி திருப்பச் சொல்லுங்கள்.

லாம்ப் நன்றாக எரிந்தும் சோலினாய்டு அசையவில்லை என்றால் உள் காயில் (செம்புக் கம்பிச் சுருள்) போயிருக்கிறது. லாம்ப் எரியவில்லை என்றால் கோளாறு மேலே, ரிலேயிலோ சாவி சுவிட்சிலோ ஸ்டார்ட் பட்டனிலோ இடைப்பட்ட வயரிலோ. ரிலே வரை கரண்ட் வருகிறதா, ரிலேயிலிருந்து வெளியே போகிறதா என்று ஒவ்வொரு இடமாக லாம்பை வைத்து நகர்ந்தால் எங்கே நிற்கிறது என்று பிடித்துவிடலாம். கேபினுக்கும் சேஸுக்கும் இடையில் வயர் கட்டு வளையும் இடத்தையும் பிரித்துப் பாருங்கள். மழைக்காலத்தில் மட்டும் இந்தத் தொல்லை வந்தால் சந்தேகம் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

லாம்ப் மங்கலாக எரிவது தனி. பேட்டரியில் 25 இருக்க, சின்ன டெர்மினலில் 17, 18 வோல்ட்தான் வருகிறது என்றால் சாவி சுவிட்சின் காண்டாக்ட் கருகியிருக்கிறது. சோலினாய்டு காயில் இழுக்கும் கரண்ட் சாவி சுவிட்சுக்கு அதிகம், அதைத் தாங்கத்தான் இடையில் ரிலே. யாரோ ஒருமுறை அவசரத்துக்கு ரிலேயைக் கழித்துவிட்டு நேராக வயர் இழுத்து விட்டிருப்பார்கள், பழைய வண்டிகளில் இது சகஜம். சுவிட்ச் மட்டும் மாற்றினால் அதுவும் கருகும், ரிலேயைத் திரும்பப் போடுங்கள்.

டகடகடகவென்று அடிக்கிறது

சோலினாய்டு உள்ளே இழுக்கிறது, மோட்டார் கரண்டை உறிஞ்சியதும் வோல்ட் விழுந்துவிடுகிறது, சோலினாய்டு விட்டுவிடுகிறது, வோல்ட் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும், இல்லையென்றால் டெர்மினல் பூத்திருக்கும். டெர்மினலைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கி மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள். கழற்றாமல் மேலாகச் சுரண்டினால் போதாது, கரண்ட் போவது கிளாம்பின் உள்பக்கம் வழியாக.

பேட்டரியும் இணைப்பும் நன்றாக இருந்தும் டகடக நிற்கவில்லையா? சோலினாய்டுக்குள் இரண்டு காயில் உண்டு, ஒன்று இழுப்பதற்கு, இன்னொன்று பிடித்து வைப்பதற்கு. பிடித்து வைக்கும் காயில் அறுந்தாலும் அதன் எர்த் விட்டாலும் இதே சத்தம்தான். சோலினாய்டை மாற்ற வேண்டும்.

ஒரே ஒரு டக், அப்புறம் அமைதி

இங்கே ஹெட்லைட் சோதனை உதவும். டக் என்றபோது லைட் மங்கவில்லை என்றால் சோலினாய்டின் உள் காண்டாக்ட் கருகியிருக்கும், அல்லது கார்பன் தேய்ந்து கம்யூட்டேட்டரை (மோட்டாருக்குள் சுழலும் செம்பு உருளையை) தொடாமல் இருக்கும். செல்ஃப் மோட்டாரின் உடம்பில் ஸ்பேனர் பிடியால் மெல்லத் தட்டியதும் ஒருமுறை எடுத்தால் அது கார்பன் என்று கிட்டத்தட்ட உறுதி. ஷெட்டுக்குப் போய்ச் சேர மட்டும் அந்தத் தட்டைப் பயன்படுத்துங்கள், மறுநாள் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பாதீர்கள்.

சோலினாய்டு காண்டாக்டா கார்பனா என்று பிரித்தறிய, இரண்டு பெரிய போல்ட்டையும் தடித்த கேபிள் துண்டால் ஒரு கணம் தொடுத்துப் பார்க்கலாம். பொறி பறக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள். மோட்டார் விர்ரென்று சுற்றினால் மோட்டார் நல்லது, சோலினாய்டு காண்டாக்ட்தான் போயிருக்கிறது. இப்படித் தொடுக்கும்போது பெண்டிக்ஸ் (ஃப்ளைவீலில் கோக்கும் சின்னப் பல்சக்கரம்) வெளியே வராது, ஆகவே இன்ஜின் சுற்றாததைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

டக் என்றபோது லைட் நன்றாக மங்கினால் விஷயம் வேறு. கரண்ட் போகிறது, ஆனால் எதுவோ சுற்ற விடாமல் பிடிக்கிறது. கிராங்க் புல்லி போல்ட்டில் நீளமான ஸ்பேனர் போட்டுக் கையால் இன்ஜினைச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் இன்ஜின் நல்லது, பெண்டிக்ஸ் பல் ஃப்ளைவீல் ரிங்கில் மாட்டியிருக்கலாம், அல்லது மோட்டார் புஷ் (தாங்கும் வளையம்) தேய்ந்து ஆர்மேச்சர் (சுழலும் பகுதி) உள்ளே உரசி நிற்கலாம். சுற்றவே மறுத்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்திருந்தால் தயவுசெய்து மேற்கொண்டு செல்ஃப் அடிக்காதீர்கள், கயிறு கட்டி இழுக்கவும் வேண்டாம். ஹெட் கேஸ்கட் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கியிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டுச் சுற்றினால் தண்ணீர் இருந்தால் வெளியே பீச்சும்.

இழுத்து இழுத்து மெதுவாகச் சுற்றுகிறது

அதிகம் வரும் கோளாறு இதுதான், அதிகம் பணம் வீணாவதும் இதில்தான். பொறுமையாக அளந்தால் அரை மணி நேரத்தில் முடிகிற வேலை.

முதலில் பேட்டரி. ராத்திரி சார்ஜ் ஏறியிருந்தால் ஹெட்லைட்டை ரெண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்துவிட்டு அளங்கள், அப்போதுதான் மேலோட்டமான சார்ஜ் இறங்கி உண்மை தெரியும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளக்க வேண்டும். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான். ஹைட்ரோமீட்டரில் ஆறு செல்லும் 1.250க்கு மேல் ஒரே சீராக இருக்க வேண்டும், ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050 கீழே இருந்தால் அந்த பேட்டரி முடிந்தது. தண்ணீர் ஊற்றிய கையோடு பார்க்காதீர்கள், கலக்காமல் தவறாகக் காட்டும்.

இப்போது செல்ஃப் அடிக்கச் சொல்லி, அடிக்கும்போதே அளங்கள். இரண்டு பேட்டரியும் சேர்ந்து 19 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. ஒன்று 10க்கு மேல் நிற்க, இன்னொன்று 7க்கு விழுந்தால் விழுந்ததுதான் குற்றவாளி.

பேட்டரி 20, 21 என்று தாங்கி நிற்கிறது, ஆனாலும் செல்ஃப் திணறுகிறது என்றால் இனி கேபிள். மீட்டரின் சிவப்பு முனையை பேட்டரி பிளஸின் ஈய முளையிலேயே வையுங்கள், கிளாம்பில் வைத்தால் கிளாம்புக்கும் முளைக்கும் நடுவில் இருக்கும் கோளாறு தப்பிவிடும். கறுப்பு முனையை சோலினாய்டிலிருந்து மோட்டாருக்குள் போகும் போல்ட்டில் வைத்து செல்ஃப் அடியுங்கள். அடிக்காமல் இருக்கும்போது மீட்டர் முழு 24ஐக் காட்டும், அதை விடுங்கள். சுற்றும்போது காட்டும் எண்தான் வழியில் தொலைகிற வோல்ட். 1 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. அதற்கு மேல் என்றால் கறுப்பு முனையை ஒவ்வொரு இணைப்பாகப் பின்னால் நகர்த்துங்கள், சோலினாய்டின் முதல் போல்ட், கட் ஆஃப் சுவிட்சின் இரு பக்கம், கிளாம்பு என்று. எந்த இரண்டு இடத்துக்கு நடுவில் எண் சடாரென்று குறைகிறதோ அங்கேதான் வேலை.

அடுத்து எர்த், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு முனை பேட்டரி மைனஸ் முளையில், இன்னொன்று செல்ஃப் மோட்டாரின் உடம்பில், பெயின்ட் சுரண்டிய இடத்தில். சுற்றும்போது அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 2, 3 வோல்ட் காட்டினால் உங்கள் செல்ஃப் மோட்டாரும் பேட்டரியும் நிரபராதி. பேட்டரி மைனஸ் சேஸில் சேருகிறது. இன்ஜினோ ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, சேஸிலிருந்து இன்ஜினுக்குப் போவது ஒரு பின்னல் பட்டைதான். அந்தப் பட்டை இழை இழையாக அறுந்துகொண்டே வரும். இன்ஜின் இறக்கி ஏற்றிய வேலையில் சில நேரம் அதை மாட்டாமலே விட்டுவிடுவார்கள். அப்படி விட்டால் கரண்ட் ஆக்சிலேட்டர் கேபிள், கியர் லிங்க் வழியாகத் திரும்பப் பார்க்கும். செல்ஃப் அடித்ததும் ஆக்சிலேட்டர் கேபிள் சுட்டாலோ புகைந்தாலோ வேறெதையும் தேடாதீர்கள்.

சரிசெய்யும்போது சேஸில் போல்ட் உட்காரும் இடத்தைப் பளபளவென்று இரும்பு தெரியும்வரை தேயுங்கள். பெயின்ட் அடித்து அதன்மேல் லக்கை (கேபிள் முனை வளையத்தை) வைத்து முடுக்கினால் பயனில்லை, முடுக்கிய பிறகுதான் மேலே கிரீஸோ பெயின்ட்டோ. கேபிளை மாற்றுவதென்றால் பழையதைவிட மெல்லியது வாங்காதீர்கள். லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்கி விடாமல், பிரஸ் வைத்து அழுத்தித் தரும் கடையில் போடுங்கள். லக்கை ஒட்டி ரப்பர் உப்பியிருந்தால் உள்ளே செம்பு பச்சையாகிவிட்டது என்று அர்த்தம், அந்த கேபிளை வெட்டி ஒட்டாமல் முழுதாக மாற்றுங்கள்.

பேட்டரி தாங்குகிறது, இரண்டு பக்கமும் இழப்பு இல்லை, ஆனாலும் மெதுவாகத்தான் சுற்றுகிறது என்றால் இப்போது செல்ஃப் மோட்டாரைக் கழற்றலாம். கார்பன், புஷ், ஃபீல்டு காயில் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கார்பன் மட்டும் மாற்றி புஷ்ஷை விட்டால் ஆர்மேச்சர் உரசிக்கொண்டே இருக்கும்.

சூட்டில் மட்டும் எடுக்கவில்லை

காலையில் ஒரே தட்டில் எடுக்கும் வண்டி. லோடோடு திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து, நிறுத்தி, கால் மணி நேரம் கழித்து செல்ஃப் அடித்தால் அசையாது, ஆறினால் எடுக்கும். செம்பு சூடானால் தடை கூடும், காயில் இழுவை குறையும். தேய்ந்த புஷ்ஷும் விளிம்பில் நிற்கும் கேபிளும் சூட்டில்தான் காட்டிக்கொடுக்கும். மேலே சொன்ன அளவுகளை சூடாக இருக்கும்போதே எடுத்தால்தான் பயன், ஆறவிட்டு ஷெட்டில் அளந்தால் எல்லாம் சரியாகவே காட்டும். சைலன்சர் பக்கம் சூட்டுத் தகடு இருந்து கழன்று போயிருந்தால் அதையும் திரும்பப் போடுங்கள்.

மோட்டார் சுற்றுகிறது, இன்ஜின் சுற்றவில்லை

எலக்ட்ரிகலில் பெரிதாக ஒன்றும் இல்லை. பெண்டிக்ஸ் வழுக்குகிறது, அல்லது ஃப்ளைவீல் ரிங் பல் தேய்ந்துவிட்டது. ஆறு சிலிண்டர் இன்ஜின் அணையும்போது பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றில்தான் நிற்கும், நாலு சிலிண்டர் என்றால் இரண்டு இடம். பல் தேய்வதும் அந்த இடங்களில்தான். கையால் இன்ஜினைக் கொஞ்சம் நகர்த்தியதும் செல்ஃப் பிடித்தால் ரிங்தான்.

சாவியை விட்டும் செல்ஃப் நிற்கவில்லை

யோசிக்காமல் கட் ஆஃப் சுவிட்சை ஆஃப் செய்யுங்கள். அது இல்லாத வண்டியென்றால் ஒரு ஸ்பேனர் எப்போதும் பேட்டரி பெட்டியிலேயே கிடக்கட்டும், மைனஸைக் கழற்ற. சோலினாய்டு காண்டாக்டோ ரிலேயோ ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது சாவி சுவிட்ச் ஸ்பிரிங் திரும்பாமல் நிற்கும். காண்டாக்ட் ஒட்டுவதற்கே முக்கியக் காரணம் இறங்கிய பேட்டரியில் திரும்பத் திரும்ப செல்ஃப் அடிப்பது.

நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை

இந்த இன்ஜின் ஓட எலக்ட்ரிக் தேவைப்படும் இடம் ஒன்றே ஒன்று, பம்பில் ஸ்டாப் சோலினாய்டு இருந்தால் அது. சாவி போடும்போது அதில் டிக் என்று கேட்க வேண்டும், வயரில் 24 வோல்ட் வர வேண்டும். சில வண்டிகளில் கரண்ட் வந்தால் ஓடும், சிலவற்றில் கரண்ட் வந்தால் நிற்கும், உங்களுடையது எது என்று தெரிந்துகொண்டு பாருங்கள். கேபிள் வகை என்றால் ஸ்டாப் குமிழ் முழுக்க உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள், சோதனைக்காக நீங்களே இழுத்து வைத்தது. அது சரியென்றால் ஏர் லாக் (டீசல் லைனில் சிக்கிய காற்று), ஃபில்டர், டீசல் பக்கம் போங்கள்.

ராத்திரி நிறுத்தினால் காலையில் டவுன்

ஒன்று சார்ஜ் ஏறவில்லை, அல்லது நிறுத்தியபின் கசிகிறது. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 27.5 முதல் 28.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். வராவிட்டால் பெல்ட், டைனமோ (ஆல்டர்நேட்டர்), அதோடு டேஷில் இருக்கும் சார்ஜ் லாம்ப். பல ஆல்டர்நேட்டர்களில் ஃபீல்டு காயிலுக்கு முதல் கரண்ட் அந்த லாம்ப் வழியாகத்தான் போகிறது, பல்பு ஃபியூஸ் ஆனால் ஐடிலில் சார்ஜ் பிடிக்காது. சாவி போட்டதும் அந்த லாம்ப் எரியவில்லை என்றால் பல்பிலிருந்து தொடங்குங்கள்.

கசிவுக்கு, எல்லாம் அணைத்துவிட்டு மைனஸ் கிளாம்பைக் கழற்றி, கிளாம்புக்கும் முளைக்கும் நடுவில் டெஸ்ட் லாம்பைப் போடுங்கள். எரிந்தால் ஃபியூஸை ஒவ்வொன்றாக உருவுங்கள், எது உருவும்போது அணைகிறதோ அந்த லைன். எல்லா ஃபியூஸும் உருவியும் எரிந்தால் ஆல்டர்நேட்டரின் மெயின் வயரைக் கழற்றிப் பாருங்கள், அணைந்தால் டயோடு போயிருக்கிறது. பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் போட்டபின் தொடங்கிய தொல்லையென்றால் இதற்கு வாய்ப்பு அதிகம். வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் இரண்டு முனையையும் ஆல்டர்நேட்டர் வயரையும் கழற்றச் சொல்லுங்கள்.

கடைசியாக, ஒரு பேட்டரி மட்டும் அடிக்கடி சாகிறதா? 24 வோல்ட் வண்டியில் பாட்டுப் பெட்டிக்கும் ஃபேனுக்கும் ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுத்திருப்பார்கள். அந்த பேட்டரி எப்போதும் குறைந்தே இருக்கும். ஆல்டர்நேட்டருக்கு மொத்த 28 மட்டும்தான் தெரியும் என்பதால் மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஏறித் தண்ணீர் வற்றும், ஆக இரண்டும் கெடும். 24லிருந்து 12க்கு மாற்றும் கன்வர்ட்டர் ஒன்று போட்டுவிட்டு, அந்த வயரை பேட்டரியிலிருந்து எடுத்துவிடுங்கள். பேட்டரி மாற்றும்போது இரண்டையும் சேர்த்து, ஒரே ஆம்பியர்-அவர் (Ah) கொள்ளளவில், ஒரே நாளில் மாற்றுங்கள். பழையதோடு புதியதைச் சேர்த்தால் பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு போகும்.